குடிக்காதவர்தான் வண்டி ஓட்ட வேண்டுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47, கணவருக்கு 52. வரும் செப்டம்பர் 21 அவர்களுடைய 25-ஆவது திருமண நாள். கணவரின் கல்லூரி நண்பரும் அவர் மனைவியும் சேர, நால்வராக ஸ்பெயினின் ரியோஹா பகுதிக்குப் போகத் திட்டம். செப்டம்பர் 19 முதல் 22 வரை நான்கு நாள், 12 ஒயின் தயாரிப்பு நிலையங்கள், பில்பாவோ விமான நிலையத்தில் எடுக்கும் வாடகைக் கார். பட்டியலைக் கணவர் ஆறு மாதமாக ஆசை ஆசையாகத் தயாரித்திருக்கிறார். கார் யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தபோது முதலில், "ருசி பார்க்கிறதுன்னா ஒரு வாய்தானே, நானே ஓட்டிடுவேன்" என்றாராம். வாசகி பயப்பட்டதும், "நீதான் குடிக்க மாட்டியே, அப்ப நீயே ஓட்டு" என்றாராம். வாசகி கோவையில் 15 வருடமாகக் கார் ஓட்டுகிறவர், ஆனால் வெளிநாட்டில் ஓட்டியதில்லை. சுத்த சைவம், மது தொட்டதில்லை. நண்பரின் மனைவியும் சைவம்தான், ஆனால் ஒரு வாய் சுவைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார். திரும்பும்போது 12 பாட்டில் கொண்டுவர வேண்டும் என்பது கணவரின் கணக்கு. கடிதத்தின் கடைசி வரி இது: "நான் போனால் அவர்களுக்கு இடைஞ்சல்தானே? மூன்று பேரையும் அனுப்பிவிட்டு நான் வீட்டிலேயே இருந்துவிடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இருந்துவிட வேண்டாம். இது உங்கள் திருமண நாளும்கூட. அதைவிட, நீங்கள் இடைஞ்சல் என்று நினைப்பதற்குக் காரணமே, ரியோஹா என்றால் குடிக்கிற இடம் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டதுதான். குடும்பங்களுக்கு ஸ்பெயின் பயணம் அமைத்துக் கொடுப்பதே என் தொழில். அந்தப் பகுதிக்கு நான் அனுப்பியவர்களில் குடிக்காதவர்கள் நிறைய பேர். குடிக்காமல் இருந்ததற்காக யாரும் வருத்தப்பட்டுத் திரும்பியதில்லை. ஓட்டுநராக ஆக்கப்பட்டதற்காக வருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆகவே முதலில் வண்டி விஷயத்தை முடிப்போம்.

ஒரு வாய் என்பது எவ்வளவு?

ஒயின் நிலையத்தை அங்கே போதேகா என்பார்கள். ஒரு போதேகாவில் சுற்றிக் காட்டிவிட்டுப் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வகை ஊற்றுவார்கள். ஒவ்வொன்றும் சுமார் 50 மில்லி. நான்கு என்றால் 200 மில்லி. ரியோஹா சிவப்பு ஒயினில் ஆல்கஹால் சுமார் 14 சதவீதம், அதாவது அந்த 200 மில்லியில் ஏறக்குறைய 22 கிராம். 70 கிலோ எடையுள்ள ஒரு ஆண் இதை வெறும் வயிற்றில் விழுங்கினால், ஸ்பெயின் சட்டம் வைத்திருக்கும் வரம்பை ஒரே போதேகாவில் கிட்டத்தட்ட எட்டிவிடுவார். அந்த வரம்பு ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம், ஊதிப் பார்த்தால் ஒரு லிட்டர் மூச்சுக்காற்றில் 0.25 மில்லிகிராம். உடல் இதைக் கழிக்க மணிக்கணக்காகும். உங்கள் கணவரின் பட்டியலிலோ ஒரு நாளைக்கு மூன்று போதேகா.

வரம்பைத் தாண்டினால் அபராதம் 500 யூரோ. இரண்டு மடங்கைத் தாண்டினால் 1000. மூச்சில் 0.60 மில்லிகிராமைக் கடந்தால் அது அபராதத்தோடு போகாது, குற்ற வழக்கு. ஊத மாட்டேன் என்று மறுப்பதும் குற்றம்தான். போக்குவரத்துக் காவலர்கள் காரணம் எதுவும் இல்லாமலேயே எந்த வண்டியையும் நிறுத்திச் சோதிக்கலாம். விபத்து நடந்துவிட்டால் வாடகைக் காருக்கு எடுத்த கூடுதல் காப்பீடும் கைகொடுக்காது. இதை உங்கள் கணவரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். இந்தக் கணக்கை அப்படியே அவர் பட்டியலின் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர் எண்களைப் புரிந்துகொள்வார்.

சரி, அப்படியானால் நீங்கள் ஓட்டலாமா? சட்டப்படி ஓட்டலாம். இந்திய உரிமத்தோடு, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் ஓட்டுநராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பீடு உங்களைச் சேராது. ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும், கியரை வலக்கையால் போட வேண்டும். செப்டம்பரில் திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் கிராமச் சாலைகளில் வரிசையாகப் போகும். பழகிக்கொள்ள முதல் இரண்டு நாள் போய்விடும். உங்கள் திருமண நாள் பயணத்தில், மூன்று பேர் பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அடுத்த ரவுண்டானாவைத் தேடிக்கொண்டிருப்பது நியாயம் இல்லை. குடிக்காமல் இருப்பது உங்கள் விருப்பம். அதைக் காட்டி உங்களை ஓட்டுநராக்க யாருக்கும் உரிமை இல்லை.

கார் இல்லாமலும் இது நடக்கும். வரைபடத்தில் ஹாரோ என்று இருக்கும் ஊரை அந்த ஊர்க்காரர்கள் 'ஆரோ' என்பார்கள். பில்பாவோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், பேருந்து உண்டு. அந்த ஊரின் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதிக்குப் 'பாரியோ தே லா எஸ்தாசியோன்', நிலையப் பேட்டை என்று பெயர். 1860-களில் ரயில் வந்தது. பிறகு பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி அழித்தபோது பிரெஞ்சு வியாபாரிகள் ஒயின் தேடி இங்கே வந்தார்கள். பீப்பாயை ரயிலில் ஏற்றுவது சுலபம் என்பதால் போதேகாக்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே எழுந்தன. லோபெஸ் தே எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா ஆல்தா 1890. இன்றைக்கும் இவை ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். ஆரோவில் தங்கினால் அங்கே உங்களுக்கு வண்டியே தேவைப்படாது. வெளியே போகும் நாட்களுக்கு மட்டும் ஓட்டுநரோடு வண்டி வையுங்கள். நால்வர் பகிர்ந்தால், வாடகைக் காரும் பெட்ரோலும் நிறுத்துமிடக் கட்டணமும் சேர்ந்த செலவோடு ஒப்பிடும்போது பெரிய வித்தியாசம் வராது.

12 என்ற எண்

இதில் உங்கள் கணவரிடம் கொஞ்சம் உறுதியாகப் பேச வேண்டியிருக்கும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குழுவுக்கு நான் ஒரே நாளில் நான்கு போதேகா போட்டுக் கொடுத்தேன். மூன்றாவதில் யாருக்கும் நாக்கில் ருசி நிற்கவில்லை, நான்காவதில் இரண்டு பேர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்கள். எல்லா இடத்திலும் அதே எஃகுத் தொட்டி, அதே பீப்பாய் வரிசை, அதே விளக்கம் என்றாகிவிட்டது. அதன்பிறகு ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் நான் யாருக்கும் போட்டுக் கொடுத்ததில்லை. காலை 10.30-க்கு ஒன்று, மாலை 5 மணிக்கு ஒன்று. நடுவில் சாப்பாடும் ஓய்வும். பகல் 2 மணிக்குமேல் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் என்பதால், நீங்கள் விரும்பினாலும் அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்ய முடியாது.

போய்க் கதவைத் தட்டினால் உள்ளே விடுவார்கள் என்று உங்கள் கணவர் நினைப்பதாகத் தெரிகிறது. விட மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், மொழி சொல்லி முன்பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் சுற்றிக் காட்டுவது நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் இருக்கும். ஞாயிறு மாலையில் பெரும்பாலும் மூடியிருக்கும், சில இடங்கள் திங்களன்றும். இன்னொன்று, நீங்கள் போவது அறுவடைக் காலம். தோட்டத்தில் ஆட்கள் குனிந்து குலை வெட்டுவதையும், பழம் வந்து கொட்டுவதையும் பார்க்கக் கிடைக்கும், அது பெரிய பேறு. ஆனால் குடும்பமாக நடத்தும் சின்னப் போதேகாக்களில் அந்த நேரத்தில் உங்களோடு பேச ஆளே இருக்காது. பட்டியலில் அப்படிப்பட்டவை இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

நானாக இருந்தால் இப்படிப் போடுவேன். 19-ஆம் தேதி ஆரோவில் நடந்தே இரண்டு போதேகா. 20-ஆம் தேதி ஓட்டுநரோடு கிளம்பி, பிரியோனெஸ் ஊரில் விவாங்கோ ஒயின் அருங்காட்சியகம், பிறகு லாகுவார்தியா, எல்சியேகோ. அந்த நாளில் இரண்டு. 21-ஆம் தேதி உங்கள் நாள், அதைக் கடைசியில் சொல்கிறேன். 22-ஆம் தேதி சான் மில்லான் மடாலயங்கள், மாலையில் ஒரே ஒரு போதேகா. மொத்தம் ஐந்து. அந்த ஐந்தும் அவருக்கு ஆயுசுக்கும் ஞாபகம் இருக்கும்.

குடிக்காதவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஆரோவில் லோபெஸ் தே எரேதியாவின் நிலவறைக்குள் இறங்கிப் பாருங்கள். படி இறங்க இறங்கக் குளிர் ஏறும், ஒரு சால்வை கையில் இருக்கட்டும். சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை வெல்வெட் துணிபோலப் படர்ந்திருக்கும். பழைய பாட்டில் அடுக்குகளின் மேல் சிலந்திவலை திரைபோலத் தொங்கும். யாரும் துடைக்க மாட்டார்கள். தக்கையை அரிக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி பிடித்துத் தின்னும், அதனால் விட்டு வைத்திருக்கிறார்கள்.

பழைய முறை விடாத போதேகாக்களில் பீப்பாய் மாற்றும் வேலை நடக்கும்போது போக முடிந்தால் இன்னும் நல்லது. பீப்பாய் ஒவ்வொன்றும் 225 லிட்டர். அடியில் மண்டி தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு பீப்பாய்க்கு இறக்க வேண்டும். ஒருவர் மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, ஒழுகும் ஒயினைக் கிளாஸில் பிடித்துச் சுடருக்கு நேரே காட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார். கலங்கல் ஒரு நூல்போலத் தெரிந்த கணத்தில் அடைத்துவிடுவார். இதைப் பார்க்க ஒரு சொட்டுக்கூடக் குடிக்க வேண்டியதில்லை.

லாகுவார்தியா ஒரு மேட்டின் மேல் மதில் சூழ்ந்த ஊர். வீடுகளுக்கு அடியில் நிலம் முழுக்கக் குடைந்த ஒயின் குகைகள். அதனால்தான் மதிலுக்குள் கார் விடுவதில்லை. அங்குள்ள சாந்தா மரியா தே லோஸ் ரெயெஸ் தேவாலயத்தின் கல் வாசலில் பூசிய வண்ணங்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. பக்கத்து எல்சியேகோவில் 1858-இல் தொடங்கிய மார்கேஸ் தே ரிஸ்கால் போதேகாவின் விடுதியைக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்தார், 2006-இல் திறந்தது. காற்றில் பறக்கும் ரிப்பன்போல டைட்டானியத் தகடுகள். சிவப்பு ஒயினுக்கு இளஞ்சிவப்பு, பாட்டிலைச் சுற்றிய வலைக்குப் பொன்னிறம், கழுத்து மூடிக்கு வெள்ளி. சான் மில்லானில் யூசோ, சூசோ என்ற இரண்டு மடாலயங்கள் 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். அங்கே ஒரு துறவி லத்தீன் ஏட்டின் ஓரத்தில் மக்கள் பேச்சில் எழுதி வைத்த குறிப்புகள்தான், ஸ்பானிய மொழி எழுத்தில் வந்த மிகப் பழைய தடங்களுள் ஒன்று. பாஸ்க் மொழிக்கும் அதே ஏட்டில் அப்படிச் சில வரிகள் உண்டு. ஓலைச்சுவடியின் ஓரக் குறிப்புகளை மதிக்கத் தெரிந்த நமக்கு அந்த இடத்தில் கொஞ்சம் மௌனமாக நிற்கத் தோன்றும்.

ருசி பார்க்கும் மேசையில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முன்பதிவின்போதே ஒருவர் குடிக்க மாட்டார் என்று எழுதிவிடுங்கள். சில இடங்களில் கட்டணம் குறையும். 'மோஸ்தோ' இருக்குமா என்று கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு அது. ரியோஹாவின் மதுக்கடைகளில் குழந்தைகளும் பெரியவர்களும் கேட்டு வாங்கிக் குடிப்பது வழக்கம், அதனால் யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். உங்கள் முன்னால் கிளாஸ் வைத்தால் முகர்ந்து மட்டும் பாருங்கள். வாய்க்குள் வைத்து உருட்டிவிட்டுத் துப்புவதற்கென்றே மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும். துப்புவது நமக்குக் கூச்சமாக இருக்கும், அங்கே அதுதான் தொழில் தெரிந்தவர்கள் செய்வது. உங்கள் கணவரும் நண்பரும் பாதியையாவது அப்படிச் செய்தால் மாலைப் போதேகாவையும் ரசிக்க முடியும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திருமண நாள் என்று வாசனைத் தைலமோ அத்தரோ நிறைய பூசிக்கொண்டு அந்த அறைக்குள் போக வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு ஒயினின் மணமே தெரியாமல் போய்விடும்.

நண்பரின் மனைவிக்கு ஒரு தகவல்

ஒயின் என்றால் திராட்சைதானே, சைவம்தானே என்று அவர் நினைத்திருக்கலாம். எல்லாம் அப்படி இல்லை. ரியோஹாவின் பழைய போதேகாக்கள் சிலவற்றில், குறிப்பாக ஆரோவின் முகா, லோபெஸ் தே எரேதியா போன்றவற்றில், ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவைச் சேர்ப்பது பரம்பரை வழக்கம். கலங்கலைப் பிடித்துக்கொண்டு அது அடியில் படிந்துவிடும், பிறகு தெளிந்ததை மேலிருந்து எடுத்துவிடுவார்கள். முட்டை தொடாதவர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள், வெள்ளைக்கரு சேர்க்காத வகைகளும் உண்டு.

சாப்பாட்டில் இதைவிடக் கவனம் வேண்டும். காய்கறிக் கூட்டுப்போல வரும் 'மெனெஸ்த்ரா'வில் பன்றி இறைச்சித் துணுக்குகள் இருக்கும். 'ரியோஹா உருளைக்கிழங்கு' என்று ஆசையாகப் பெயர் போட்டிருப்பதில் சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி இருக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹாம் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை) கணக்கில் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. அதனால் 'சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ' (இறைச்சி இல்லாமல், ஹாம் இல்லாமல், மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுட்ட சிவப்பு மிளகாய், வெள்ளை அஸ்பாரகஸ், பாலாடைக்கட்டி, ரொட்டி எல்லாம் அருமையாகக் கிடைக்கும்.

பாட்டில்கள், விசா

இந்தியாவுக்குள் வரும்போது ஒருவருக்கு 2 லிட்டர் மதுவுக்குத்தான் வரி விலக்கு. ஒரு பாட்டில் 750 மில்லி என்பதால் ஆளுக்கு இரண்டு. உங்கள் இருவருக்கும் நான்கு, 12 அல்ல. ஒருவர் பங்கை இன்னொருவரோடு கூட்டிக் கணக்குக் காட்ட முடியாது. அதற்குமேல் கொண்டுவந்தால் வரி மிகக் கடுமை. நான்கே என்றால் நல்லதாகத் தேர்ந்தெடுக்கலாம். பாட்டிலின் பின்புற முத்திரையின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சை இளசு. சிவப்பு கிரியான்சா, இரண்டு வருடம் வைத்தது. அரக்கு நிறம் ரெசெர்வா, மூன்று வருடம். நீலம் கிரான் ரெசெர்வா, ஐந்து வருடம். நீலம்தான் உசத்தி என்று உங்கள் கணவர் பட்டியலில் எழுதியிருக்கிறார். முத்திரை சொல்வது எத்தனை காலம் வைத்திருந்தார்கள் என்பதைத்தான், உங்களுக்குப் பிடிக்குமா என்பதை அல்ல. ருசி பார்த்துப் பிடித்ததை வாங்கட்டும். பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி வையுங்கள், கைப்பையில் விட மாட்டார்கள்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினுக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் பயணத்துக்கு 15 நாள் முன்பு, ஆனால் அதுவரை காத்திருக்கவே கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத எதையும் பதிவு செய்யாதீர்கள்.

மாமியாரிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். திராட்சை அறுவடை பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள். அது உண்மை. அவர் அதற்குமேல் கேட்டால், கணவரே பதில் சொல்லட்டும்.

இனி 21-ஆம் தேதி. உங்கள் கணவர் இதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அன்றுதான் மாநிலத் தலைநகர் லோக்ரோஞோவில் சான் மத்தேயோ திருநாள், அறுவடை விழாவின் முக்கிய நாள். அந்த வாரம் முழுக்க ஊரில் கூட்டம். அன்று போதேகா எதுவும் வைக்காதீர்கள், காலையிலேயே ஆரோவிலிருந்து நால்வருமாக லோக்ரோஞோ போய்விடுங்கள். பெரிய மரத்தொட்டியில் புதுத் திராட்சையைக் கொட்டி, வெறுங்காலோடு இரண்டு பேர் தோள் பிடித்து மிதிப்பார்கள். வழிகிற முதல் சாற்றைக் குடத்தில் பிடித்து, அந்த மண்ணின் காவல் தாயான வால்வனேரா மாதாவுக்குப் படைப்பார்கள். மாதாவுக்குப் போவது ஒயின் அல்ல, அப்போதுதான் பிழிந்த மோஸ்தோ. மாலையில் காயே தெல் லாவ்ரெல் என்ற சந்துக்குள் நுழைந்தால் கடைக்குக் கடை ஒரு பதார்த்தம். பூண்டு எண்ணெயில் வதக்கிய காளானை அடுக்கி ரொட்டித் துண்டின் மேல் குத்தித் தருவார்கள். மேலே ஒரு இறால் வைப்பது வழக்கம், அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விடுதி அன்று அந்த ஊரில் கிடைப்பது கடினம். ஆரோவுக்குத் திரும்ப ஒரு வண்டியை இப்போதே பேசி வைத்துவிடுங்கள். பேசுவது உங்கள் கணவரின் வேலையாக இருக்கட்டும்.